மாணவர் கையில் விமானத்தை விடுங்கள்

வணக்கம். கொருக்குப்பேட்டைக்கு விடுமுறையில் வந்த புதிய விமானப் பயிற்றுநர் நீங்கள். மாணவர் தரையிறங்கும்போது விமானத்தின் மூக்கைத் தாமதமாகவே தூக்குகிறார், பயந்துபோய் ஒவ்வொரு முறையும் கட்டுப்பாட்டை நானே வாங்கிவிடுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள்.

அவர் கையைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கண்ணைக் கவனியுங்கள். பெரும்பாலும் பார்வை மூக்குக்குச் சற்று முன்னால் குத்திட்டு நிற்கும். அங்கே தரை விரைந்து ஓடுமே தவிர, உயரம் பிடிபடாது. கடைசிக் கட்டத்தில் பார்வையை ஓடுபாதையின் மறுகோடிக்கு நகர்த்தச் சொல்லுங்கள். இருபுற விளிம்புகளும் அகன்று மேலெழுவது ஓரக்கண்ணில் தெரியும்; அதைக் கொண்டுதான் உயரத்தைக் கணிக்க முடியும்.

நம் வண்ணாரப்பேட்டை கேரம் மன்றங்களில் நல்ல ஆசான் ஸ்ட்ரைக்கரைப் பிடுங்கவே மாட்டார். விமானத்தில் அந்தப் பொறுமைக்கு எல்லை உண்டு. எந்த நிலையில் கட்டுப்பாட்டை வாங்குவீர்கள் என்பதைப் புறப்படும் முன்பே முடிவுசெய்யுங்கள். வாங்கும்போது வாய்விட்டுச் சொல்லுங்கள், அவரும் திருப்பிச் சொல்லட்டும். அதற்கு முன்பே சரிவராது என்று தோன்றினால், முழு விசை கொடுத்து மேலேறி மறுசுற்று வரச் சொல்லுங்கள். அதையும் அவரே செய்யட்டும், தயவுசெய்து!

இறங்கியதும் விளக்கத் தொடங்காதீர்கள். "என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். அவர் சொல்வதைக் குறித்துவைத்து, அடுத்த பயிற்சியை அதிலிருந்து தொடங்குங்கள்.