பிரேசிலில் எங்கள் பால்கனிச் சுவரில் பெரிய அந்துப்பூச்சி ஒன்று, இறக்கைகளில் நான்கு கண்ணாடி ஜன்னல்களோடு உட்கார்ந்திருக்கிறது. இது அட்லஸ் அந்துப்பூச்சியா? ஆபத்தா?

அட்லஸ் இல்லை, ஆபத்தும் இல்லை. துடைப்பத்தைக் கீழே வையுங்கள். இது ரோத்சில்டியா என்ற அந்துப்பூச்சி வகை. அட்லஸ் ஆசியாவில் இருப்பது, ரோத்சில்டியா அமெரிக்கக் கண்டங்களில் மட்டும். இரண்டும் பங்காளிகள், அதனால்தான் இரண்டுக்குமே இறக்கையில் செதில் இல்லாத கண்ணாடித் திட்டுகள். அட்லஸ் ஒரு சாணையும் தாண்டி விரியும், முன்னிறக்கை நுனி பாம்புத் தலையாகத் தெரியும். இது அதைவிட நன்றாகவே சிறியது. உணர்கொம்பு அகலமான இறகாக இருந்தால் ஆண். எந்த இனம் என்று படத்தை மட்டும் வைத்துச் சொல்ல மாட்டேன், ஜன்னலின் வடிவம் ஒரே இனத்துக்குள்ளேயே மாறும். நான் பூச்சியியல் படித்தவன் இல்லைதான், ஆனால் பல வருடமாகக் கவனித்து வருகிறேன்.

நானும் தென் பிரேசிலில்தான் இருக்கிறேன். எங்கள் குடியிருப்பு வாசலில் ஒரு லிகுஸ்த்ரோ மரம் இருந்தது, ரோத்சில்டியாவில் ஜகோபே என்ற இனத்துக்குப் பிடித்த மரம். தடித்த பச்சைப் புழுக்கள் நான்கு முறை தோல் உரித்து வளர்ந்து, கிளையிலிருந்து பட்டுக் காம்பில் தொங்கும் கூடு கட்டும். சில கூடுகள் குளிர்காலம் முழுக்க அப்படியே தொங்கும். தினமும் வேலைக்குப் போகும்போது நின்று பார்த்துவிட்டுத்தான் போவேன். ஒருநாள் யாரோ அதை விஷப்புழு என்று நினைத்து "லோனோமியா!" என்று கத்த, நிர்வாகத்தில் உடனே மருந்தடித்து மரத்தையும் வெட்டிவிட்டார்கள்.

லோனோமியா பயத்தை நான் குறை சொல்லவில்லை. அதுவும் ரோத்சில்டியா இருக்கும் சட்டர்னிடே என்ற அந்துப்பூச்சிக் குடும்பம்தான், 1989 முதல் ரியோ கிராண்டே டோ சுல், சாண்டா கத்தரினா பக்கம் உயிர்களையே வாங்கியிருக்கிறது. முள் குத்தினால் ரத்தம் உறையாது, சிறுநீரகம் பழுதாகும், சாவோ பாலோவில் விஷமுறிவு மருந்து தயாரிக்கும் புட்டான்டான் நிறுவனத்தின் மாற்று மருந்து வேண்டும். ஆனால் லோனோமியா புழு பழுப்பு நிறம், உடம்பெல்லாம் கிளைகிளையாய்ப் பிரிந்த முள், பகலில் அடிமரத்தில் கூட்டமாக ஒட்டிக் கிடக்கும். ஒரு நிமிடம் நின்று பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். மாதா மாதம் பராமரிப்புப் பணம் வாங்கத் தெரிகிறது, குழந்தைகள் விளையாடும் இடத்தில் மருந்தடிக்கும் முன் ஒரு நோட்டீஸ் ஒட்டத் தெரியவில்லை!

சரி, உங்கள் பூச்சிக்கு வருவோம். இறக்கைத் தூள் பட்டால் கண் போய்விடும் என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள், நம்பாதீர்கள். அதற்கு உண்ண வாயே கிடையாது, புழுப்பருவத்தில் சேர்த்த கொழுப்பில்தான் ஒரு வாரம் போல வாழும், அதற்குள் துணை தேடி முட்டையிட வேண்டும். விளக்கைச் சுற்றியே அந்த நேரம் போய்விடக் கூடாது, அதனால் பால்கனி விளக்கை இரவில் அணைத்துவிடுங்கள். அப்புறம் ஒன்று, அடையாளம் உறுதியாகாத எந்தப் புழுவையும் வெறும் கையால் தொடாதீர்கள்.