அம்பாசடர் ஹெட்டுக்கு 10 எம்எம் ராடு போடலாமா?

குடியாத்தத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கார். அப்பா வச்சிருந்த அம்பாசடர், 1489 சிசி பெட்ரோல், ஹெட் கேஸ்கெட் போயி ஹெட்டைக் கழட்டினா ரெண்டு ஸ்டட்ல (ஹெட்டை இன்ஜின் பிளாக்கோட பிடிச்சு வைக்குற, ரெண்டு முனையிலயும் மரை போட்ட கம்பி) மரை வழுக்கிக் கெடக்குதாம், வேலூர்ல ஒரு கடைல 10 எம்எம் த்ரெட் ராடை (நீளம் முழுக்க மரை போட்ட கம்பி) வெட்டித் தரோம், பிளாக்குல டேப் அடிச்சு, அதாவது புது மரை வெட்டி, ஏத்திக்கோன்றாங்களாம், போடலாமான்னு.

வேணாம் தம்பி. உங்க இன்ஜின் பிஎம்சின்ற பிரிட்டிஷ் கம்பெனி டிசைன், எல்லாம் அங்குலக் கணக்கு. அந்த ஸ்டட் 3 நூல், அதாவது 3/8 அங்குலம், 9.525 எம்எம், நட்டு ஏறுற பக்கம் யுஎன்எஃப்ன்ற நெருக்க மரை, அங்குலத்துக்கு 24 மரை. அரை எம்எம்தானே கூடன்னு தோணும், ஆனா பிளாக்குல நல்லா இருக்குற மரையை வெட்டிட்டா அது திரும்ப வராது. பிளாக் மரையே போயிருந்தா லேத்துல குடுத்து அதே அளவுக்கு ஹெலிகாயில் (ஓட்டைக்குள்ள மரையா உக்காருற கம்பிச் சுருள்) போட்டுக்கலாம்.

பிஎஸ்எஃப்னு இன்னொரு பிரிட்டிஷ் மரை இருக்கு, அதே 3 நூல்ல 20 மரை, கண்ணுக்கு ஒன்னு போலவே இருக்கும், ஆனா மரைப் பல்லோட கோணமும் வேற, 55 டிகிரி, யுஎன்எஃப்க்கு 60. பின்னாடி வந்த 1.8 இசுசூ இன்ஜின்னா அது எம்எம் கணக்கு. அதனால வண்டி பேரைச் சொல்லி வாங்காம பழைய ஸ்டட்டையே எடுத்துக்கினு போங்க. பிச்சு கேஜை (மரை அளக்குற பல்லு வச்ச தகடு) மரை மேல வச்சு வெளிச்சத்துக்கு நேரா பிடிங்க, பல்லுக்கு நடுவுல கீத்து வெளிச்சம்கூட தெரியக்கூடாது. ரெண்டு முனையையும் தனித்தனியா பாருங்க, பிளாக் பக்கம் மரை வேற மாதிரி இருக்கும்.

அடுத்தது கிரேடு, அதாவது கம்பியோட பலத்தைச் சொல்ற நம்பர், இதுலதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. சாதா த்ரெட் ராடு 4.6, 4.8 கிரேடு, ஹெட்டுக்கு 8.8க்குக் கீழ போகவே கூடாது. ஸ்டெயின்லெஸ்ஸும் வேணாம், பளபளன்னு இருக்கும், ஆனா ஏ2-70ன்ற ஸ்டெயின்லெஸ் கிரேடுன்னா இழுவைக்குத் தாங்குற பலம் 700 மெகாபாஸ்கல்தான், 8.8க்கு 800. ஒருதடவை நானே அவசரத்துல கிரேடு பாக்காம ஒரு ஸ்டட்டைப் போட்டுட்டேன், டார்க் ரென்ச் (அளவு வச்சு முறுக்குற ஸ்பேனர்) கிளிக் ஆகாம ரப்பரை முறுக்குற மாதிரி சுத்திக்கினே போச்சு, கழட்டிப் பாத்தா நடுவுல கழுத்து மெலிஞ்சிருக்கு.

மத்த ஸ்டட்லயும் நட்டை வெறும் கையால கடைசி வரைக்கும் ஓட்டிப் பாருங்க, நடுவுல பிடிச்சா அது நீண்டுடுச்சு, மாத்திடுங்க. கனமான வாஷரும் கிரேடு நட்டும் புதுசா வாங்குங்க. பிளாக்குல ஸ்டட் ஏறுற ஓட்டைல தண்ணியோ ஆயிலோ நின்னா காத்தடிச்சு எடுத்துடுங்க, இல்லன்னா முறுக்குறப்போ பிளாக்கே வெடிச்சுடும். ஸ்டட்டைப் பிளாக்குல கையால ஏத்தினா போதும். நட்டு மரைல ரெண்டு சொட்டு ஆயில் விட்டு, நடுவுல இருந்து வெளிப்பக்கமா மூணு தவணையா டைட் பண்ணுங்க, அளவு மானுவல்ல இருக்குறதுதான். வண்டி சூடேறி நல்லா ஆறினப்புறம், கேஸ்கெட் பாக்கெட்ல வேணாம்னு போடலன்னா, இன்னொருதடவை டார்க் பாத்துடுங்க, அப்படியே டேப்பட் கேப்பும் (வால்வு இடைவெளி).