குருளைச் சாரணருக்கு நீச்சலில் முதலில் எதைச் சொல்லித்தர வேண்டும்?

குருளைச் சாரணர் என்பது தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளின் பிரிவு. இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் பெரிய பிரிவு. அங்கே ஆற்றோர முகாமெல்லாம் வரும். அதனால் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்ப் பிள்ளைகளுக்கு முதலில் மிதக்கப் பழக்குங்கள், கையடி காலடி அப்புறம்.

மூச்சை இழுத்து நிறுத்தினால் நுரையீரலில் காற்று நிறைந்து, உடம்பு தண்ணீரைவிடச் சற்று லேசாகும். மூடிய காலிப் போத்தலை வாளியில் அமுக்கினால் மேலே வருமே, அதுபோலத்தான். பயந்த பிள்ளை தலையைத் தூக்கும். உடனே கால் கீழே போகும். பின்னந்தலைக்கு அடியில் உள்ளங்கையை வைத்து, காது நனையும்வரை சாயவிடுங்கள். இடுப்பு தானாக எழும்பும். அந்த நொடியில் பிள்ளையின் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டுமே!

நீச்சல் குளத்தில் 25 மீட்டர் நீந்துகிறவன் பழைய ஈயக்குட்டையிலும் (ஈயம் தோண்டிய பள்ளத்தில் நீர் தேங்கிய குட்டை) சமாளிப்பான் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, குட்டை திடீரென ஆழமாகும், பிடித்து நிற்க ஓரமும் இருக்காது.