என் மூன்றரை வயது மகன் மற்ற பிள்ளைகளை அடிக்கிறான், கடிக்கிறான். என் வளர்ப்பில்தான் தவறா?

நேற்று இரவு இந்தக் கேள்வியைப் பார்த்தேன். பதில் எழுதாமல் தூக்கம் வரவில்லை. நீங்களும் பள்ளியில் புகார் கேட்டுவிட்டு, வீட்டில் யாரிடமும் சொல்ல முடியாமல்தான் இங்கே கேட்டிருப்பீர்கள்.

இரண்டு முதல் நான்கு வயதுக்குள் அடிப்பது, தள்ளுவது, கடிப்பதெல்லாம் பிள்ளைகளிடம் சாதாரணமாகவே அதிகம். கனடாவில் பிள்ளைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து ஆராய்ந்த ரிச்சர்ட் ட்ரெம்ப்ளே சொல்வதும் அதுதான்: அடிக்க யாரும் கற்றுத்தர வேண்டாம், அடிக்காமல் இருக்கத்தான் அவர்கள் மெல்லக் கற்றுக்கொள்கிறார்கள். அதனால் உங்கள் மகன் ரவுடி ஆகிவிடுவான் என்று இப்போதே பயப்படாதீர்கள்.

என் மகனுக்கு அப்போது நாலு வயது. பால் கொட்டினாலும், சட்டை போட வராமல் ஓடினாலும், நான் போன் பேசும்போது கத்தினாலும் என் வாயில் முதலில் வருவது "வேணும்னே பண்றான்". அவனிடமே கேட்பேன், "என்னைக் கோபப்படுத்தத்தானே பண்றே?" அப்படி நம்பிவிட்டால் கை தானாக ஓங்கிவிடும். அடித்திருக்கிறேன். மறைக்கவில்லை.

ஒரு நாள் மாலை பக்கத்து வீட்டுச் சிறுமி விளையாட வந்திருந்தாள். அவள் எழுந்தபோது கால் பட்டு, இவன் அடுக்கி வைத்திருந்த கட்டைகள் சரிந்தன. அவள் அதைக் கவனிக்கக்கூட இல்லை. இவன் ஒரு கட்டையை எடுத்து அவள் நெற்றியில் அடித்துவிட்டான். ஓடிப்போய் இழுத்தால், "அவ வேணும்னே பண்ணா! என்னைக் கோபப்படுத்தத்தான் பண்ணா!" என்கிறான். என் வார்த்தை, என் குரல், என் முகம். அந்தக் குழந்தையின் நெற்றியில் ஐஸ் வைத்துக்கொண்டே நானும் அழுதேன்.

பிறகு தேடிப் படித்தேன். அமெரிக்க உளவியலாளர் கென்னத் டாட்ஜ் 1980இல் வெளியிட்ட ஆய்வு கிட்டத்தட்ட இதே காட்சி. சிறுவர்கள் சேர்த்துக்கொண்டிருந்த புதிர்ப்படத்தை இன்னொருவன் கலைத்துவிட்டதாக ஏற்பாடு. கைதவறியா, வேண்டுமென்றா என்பது தெளிவாக இல்லாதபோது, முரட்டுச் சிறுவர்கள் அதை 'வேண்டுமென்றே' என்று எடுத்துக்கொண்டு பதிலடி கொடுத்தார்கள். பிள்ளை எது செய்தாலும் கெட்ட எண்ணத்தோடு செய்வதாக நினைக்கும் தாய்மார்கள் கடுமையாகத் தண்டிப்பதும், அவர்கள் பிள்ளைகள் முரட்டுத்தனமாக நடப்பதும் அதிகம் என்று பின்னால் வந்த ஆய்வுகளில் படித்தேன்.

"ஒரு பெண்ணே அம்மாவைக் குற்றம் சொல்கிறாயா" என்று யாராவது வருவார்கள். நான் சொல்வது தொடர்பை, முழுக் காரணத்தை அல்ல. பிறவிக் குணம் என்று ஒன்று இருக்கிறது. முரண்டு பிடிக்கும் பிள்ளையோடு நாள் முழுக்க மல்லுக்கட்டும் அம்மாவுக்குச் சந்தேகம் வருவதும் இயல்பு. "எங்களை அடித்துத்தான் வளர்த்தார்கள், கெட்டா போனோம்" என்பவர்களுக்கு: உளவியலாளர் எலிசபெத் கெர்ஷாஃப் 2002இல், பிள்ளைகளை அடிப்பது பற்றிய 88 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார். அடித்தால் அந்த நிமிடம் அடங்குகிறார்கள். ஆனால் அடி வாங்கும் பிள்ளைகளிடம் முரட்டுத்தனம் கூடுதலாகத்தான் இருந்தது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மனதில் கிடந்து அறுக்கிறது. பள்ளியில் கூப்பிட்டார்கள். வேலை நாள், காலை 11 மணி, தகவல் வந்தது முந்தின இரவு. அரை நாள் சம்பளம் போயிற்று. கணவரும் வந்தார். "நீங்க வேலைக்குப் போறீங்களா மேடம்?" என்று என்னைக் கேட்டவர்கள், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. காரில் போகும்போது எவனாவது குறுக்கே வந்தால் "வேணும்னே வர்றான் பாரு" என்று கத்துவது அவர். பின் சீட்டில் பிள்ளை.

நான் மாற்றிக்கொண்டது கொஞ்சம்தான். "ஏன் பண்ணே?" என்பதை விட்டு "என்ன ஆச்சு?" என்று கேட்கிறேன். செல்லம் கொடுக்கவில்லை. கொட்டினால் அவனே துடைக்க வேண்டும், அடித்தால் அன்றைக்கு விளையாட்டு முடிந்தது. முதல் இரண்டு மாதம் எந்த மாற்றமும் இல்லை. தூக்கம் கெட்ட நாளில் எனக்கு இன்றும் பழைய வார்த்தை நாக்கு நுனி வரை வரும்.

இப்போது அவனுக்கு ஐந்தரை வயது. போன வாரம் அதே சிறுமி, அவன் வரைந்த படத்தை மிதித்துவிட்டாள். கையை ஓங்கிவிட்டான். ஓங்கிய கையோடு, "தெரியாம மிதிச்சியா?" என்று கேட்டான். அவள் தலையாட்டினாள். கசங்கிய தாளை எடுத்துக்கொண்டு அழுதபடியே என்னிடம் வந்தான்.