பம்பு எப்போது நிற்க வேண்டும்? வாசகர் கேள்வி – பதில்

வீட்டிலேயே கட்டும் ஸ்போர்ட்ஸ் கார்களின் பெட்ரோல் பம்பைப் பற்றி இம்முறை நான்கு கடிதங்கள் வந்திருக்கின்றன. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்து, பக்கம் முழுவதையும் இதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: நானும் என் மகனும் மூன்று ஆண்டுகளாக லோட்டஸ் செவன் வடிவத்தில் ஒரு கார் கட்டிவருகிறோம். பழைய டொயோட்டா கொரோலாவிலிருந்து எடுத்த இன்ஜெக்ஷன் இன்ஜினைப் பொருத்தி, வேறு இ.சி.யூ. (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி) வைத்தபோது, மடல் வைத்த பழைய காற்று அளவியைக் கழற்றிவிட்டோம். அதன்பின் பம்பு ஓட மறுத்தது. நண்பர் ஒருவர் சோதனைப் பெட்டியின் இரண்டு முனைகளைச் சிறு வயரால் இணைத்துக் கொடுத்தார். இப்போது சாவியைத் திருப்பினால் பம்பு ஓடுகிறது. இன்ஜின் நின்றாலும் அது நிற்பதில்லை. இதில் ஆபத்து உண்டா? (பீனிக்ஸ், டர்பன்)

பதில்: உண்டு. இந்தப் பதிலின் மீதியைப் படிப்பதற்கு முன் அந்த வயரைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

கார்புரேட்டர் காலத்து வண்டிகள் பெரும்பாலானவற்றில் பம்பு இன்ஜினின் பக்கவாட்டிலேயே இருந்தது. கேம்ஷாஃப்ட் அதன் கையைத் தட்டத் தட்டத்தான் பெட்ரோல் ஏறியது என்பதால், இன்ஜின் நின்ற கணமே பம்பும் நின்றது. பாதுகாப்புக்கென்று தனியாக ஒன்றும் தேவைப்படவில்லை. அழுத்தமும் ஏறக்குறைய 0.3 பார் (அழுத்தத்தின் அலகு) தான். இன்ஜெக்ஷன் இன்ஜினுக்கோ 3 பார் அளவுக்கு அழுத்தம் வேண்டும். அதைத் தரும் மின் பம்பு, இன்ஜின் ஓடுகிறதா கவிழ்ந்து கிடக்கிறதா என்பதை அறியாமல், மின்சாரம் வரும் வரை தள்ளிக்கொண்டே இருக்கும். மணிக்கு 100 லிட்டர் தள்ளும் சாதாரணப் பம்பு கூட, குழாய் அறுந்தால், நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் வெளியே கொட்டும். செவன் வடிவக் காரில் டாங்கி பின் அச்சுக்குப் பின்னால், இன்ஜின் முன்னால்; இரண்டையும் இணைக்கும் குழாய் பெரும்பாலும் உங்கள் இடுப்பை ஒட்டிய நடுச்சுரங்கத்தின் வழியாகத்தான் போகிறது.

உங்கள் நண்பரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அந்த முனைகள் மெக்கானிக் பம்பைச் சோதித்துப் பார்ப்பதற்காகவே வைக்கப்பட்டவை, சோதனை முடிந்ததும் வயரை எடுத்துவிட வேண்டும் என்பதுதான் அவருக்கு மறந்துவிட்டது. பழைய அமைப்பில் காற்று அளவியின் மடலுக்குள் ஒரு சிறு மின்தொடர்பு இருந்தது. இன்ஜின் காற்றை இழுத்தால் மடல் திறக்கும், தொடர்பு சேரும், பம்பு ஓடும். காற்று நின்றால் தொடர்பு விடுபடும். நீங்கள் கழற்றி வைத்த பெட்டிக்குள் போனது அந்தக் காவல்காரர்தான்.

புதிய இ.சி.யூ.வில் பம்பு ரிலேக்கென்று, அதாவது சிறு மின்னோட்டத்தால் பம்பின் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் சுவிட்சுக்கென்று, தனி வெளியீடு இருக்கும். பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக வரும் வயர் ரிலேயின் 30ஆம் முனைக்கும், 87 பம்புக்கும், 86 சாவிக்கும், 85 இ.சி.யூ. வெளியீட்டுக்கும் போகட்டும். சாவியைத் திருப்பியதும் இ.சி.யூ. இரண்டு மூன்று விநாடிகள் பம்பை ஓட்டி அழுத்தம் ஏற்றும். இன்ஜின் சுற்றுவதை அறியும் கிராங்க் உணரியிலிருந்து துடிப்பு வராவிட்டால் நிறுத்திவிடும். இதைச் செய்து முடித்த பிறகு, மூன்றாம் கேள்வியில் வரும் மோதல் சுவிட்சையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் காரில் இரட்டைக் கார்புரேட்டர், மின் பம்பு, இ.சி.யூ. எதுவும் இல்லை. ஆயில் அழுத்த சுவிட்சு வழியாகப் பம்புக்கு மின்சாரம் கொடுத்தால் போதும் என்று சிலர் சொல்கிறார்கள். சரியா? (லெனேசியா)

பதில்: பாதி சரி. அமெரிக்காவில் செவ்ரோலெட் நிறுவனம் 1971ஆம் ஆண்டின் வேகா காரிலேயே இப்படிச் செய்திருந்தது. எனவே இது கராஜில் பிறந்த கைவைத்தியம் அன்று. ஆனால் சில தொல்லைகள் உண்டு. எச்சரிக்கை விளக்குக்கான சாதாரண சுவிட்சு அழுத்தம் குறைந்தால்தான் சேரும்; உங்களுக்கு வேண்டியது அழுத்தம் ஏறினால் சேரும் வகை. ஸ்டார்ட்டர் சுழலும்போது ஆயில் அழுத்தம் இன்னும் வந்திருக்காது என்பதால், அந்த நேரத்துக்கு மட்டும் ஸ்டார்ட்டரிலிருந்து தனி இணைப்பும் கொடுக்க வேண்டும். வேகமான வளைவில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி அழுத்தம் விழுந்தால் பம்பும் ஒரு கணம் விழும். கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணத்தில் கொஞ்சம் பெட்ரோல் இருப்பதால் நீங்கள் அதை உணராமலே போகலாம், இன்ஜெக்ஷன் காரில் உடனே உணர்வீர்கள்.

நானாக இருந்தால் இக்னிஷன் துடிப்பைப் பார்த்து ஓடும் ரிலேயைத் தேர்ந்தெடுப்பேன். இக்னிஷன் காயிலின் நெகட்டிவ் முனையிலிருந்து ஒரு வயர் அதற்குப் போகும். துடிப்பு நின்ற ஓரிரு விநாடிகளில் ரிலே விட்டுவிடும். இன்ஜெக்ஷன் வைத்த பழைய ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் வண்டிகளில் இந்த வகை ரிலே இருந்தது. பழைய கார் உதிரிபாகம் விற்பவர்களிடம் தேடிப் பாருங்கள்.

ஆனால் இரண்டு முறைகளுக்கும் ஒரே குறை: இன்ஜின் சுற்றுகிறதா என்று மட்டுமே அவை கேட்கின்றன. குழாய் உடைந்த பிறகும் இன்ஜின் சற்று நேரம் ஓடிக்கொண்டிருந்தால், அவையும் பம்பை ஓடவிடும்.

கேள்வி: மோதல் ஏற்பட்டால் பம்பை நிறுத்தும் இனெர்ஷியா சுவிட்சைப் பொருத்தினேன். சாலைக் குழியில் விழுந்தாலே அது துண்டித்துவிடுகிறது. சுவிட்சு கெட்டதா, நான் வைத்த இடம் கெட்டதா? (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

பதில்: பெரும்பாலும் இடம்தான். இதை நான் அனுபவப்பட்டே சொல்கிறேன். என் முதல் காரில் சுவிட்சை இருக்கைக்குப் பின்னால் இருந்த ஃபைபர் கிளாஸ் பலகையில் திருகியிருந்தேன். பைன்டவுனிலிருந்து க்ளூஃப் பக்கம் ஏறும் ஃபீல்ட்ஸ் ஹில்லில், ஒட்டுப்போட்ட தார்மேட்டில் சக்கரம் தட்டிய உடனே இன்ஜின் அடங்கிவிட்டது. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடிக்க, நான் இருக்கையின் பின்னால் கையை விட்டுப் பொத்தானைத் தேடிக்கொண்டிருந்தேன். என் மனைவி அதன்பிறகு இரண்டு மாதம் அந்தக் காரில் ஏறவில்லை.

சுவிட்சுக்குள் இருப்பது மிக எளிய ஏற்பாடு. கூம்பு வடிவக் குழியின் அடியில் ஓர் எஃகுக் குண்டைக் காந்தம் பிடித்துவைத்திருக்கும். மோதலின் விசை காந்தத்தின் பிடியை மீறும்போது, குண்டு கூம்பின் சரிவில் ஏறி மேலே உள்ள தகட்டைத் தட்டும், மின்தொடர்பு விடுபடும். மேலே உள்ள பொத்தானை அழுத்தினால் தொடர்பு மறுபடி சேரும். குண்டும் சரிவும் வேலை செய்வது புவியீர்ப்பையும் நம்பித்தான் என்பதால், சுவிட்சு செங்குத்தாக, பொத்தான் மேலே பார்க்கும்படி நிற்க வேண்டும். சாய்ந்து நின்றால் ஒரு பக்கம் சீக்கிரமாகவும் மறுபக்கம் தாமதமாகவும் துண்டிக்கும்.

ஃபைபர் கிளாஸ் பலகை முரசுத்தோல் போல அதிர்வதால், சிறிய அடியைப் பெரிதாக்கிக் காட்டும். உண்மையான மோதலிலோ வளைந்து கொடுத்து அடியை விழுங்கவும் கூடும். ஆகவே சேசிஸ் குழாயில் பற்றவைத்த எஃகுத் தகட்டில், சஸ்பென்ஷன் பிடிக்கும் முனைகளிலிருந்து விலகி, ஓட்டுநர் பெல்ட்டோடு உட்கார்ந்தபடியே எட்டும் இடத்தில் வையுங்கள். செவன் மாதிரிக் கார் இலேசானது, அதன் ஸ்பிரிங்கோ விறைப்பானது. சொகுசுக் காருக்காகச் செய்த சுவிட்சு அதற்கு மிக மென்மையாகவும் இருக்கலாம். சேசிஸில் சரியாகப் பொருத்திய பின்னும் குழிக்குழிக்குத் துண்டித்தால், அதிக விசைக்குத் துண்டிக்கும் சுவிட்சாக மாற்றுங்கள். எரிச்சலில் அதன் வயர்களை ஒன்றோடொன்று இணைத்துவிட்ட இருவரை எனக்குத் தெரியும். அவர்கள் காரில் சுவிட்சு இன்னமும் அழகாக உட்கார்ந்திருக்கிறது.

இதை ரிலேக்குப் போகும் சிறு மின்னோட்டத்தில் இணைப்பதா, பம்புக்கே போகும் வயரில் இணைப்பதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். சுவிட்சு பம்பின் மின்னோட்டத்தைத் தாங்குமென்றால் பம்பு வயரிலேயே இணைப்பதை நான் விரும்புகிறேன். ரிலேயின் முனைகள் சூட்டில் ஒட்டிக்கொண்டாலும் அப்போது பம்பு நிற்கும். மூன்று முனை சுவிட்சென்றால், மூன்றாவதை டாஷ்போர்டில் ஒரு சிவப்பு விளக்குக்குக் கொடுங்கள். நடுச்சாலையில் கார் நின்றால், காரணம் உடனே தெரியும். முனைகளில் கிரீஸ் தடவ மறக்காதீர்கள், டர்பன் கடற்காற்று செம்பைப் பச்சையாக்க ஒரு மழைக்காலமே போதும்.

கேள்வி: பந்தயக் கார்களில் இருப்பது போல வெளியே சிவப்புச் சாவி வைத்த பேட்டரி சுவிட்சைப் பொருத்தினேன். இன்ஜின் ஓடும்போது அதை அணைத்தால் இன்ஜின் நிற்பதில்லை. ஏன்? (டோங்காட்)

பதில்: ஆல்டர்னேட்டர்தான் காரணம். பேட்டரியைப் பிரித்த பிறகும் அது தானே மின்சாரம் தந்து, இக்னிஷனையும் பம்பையும் ஓட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டே முனை உள்ள சுவிட்சை எடுத்துவிட்டு ஆறு முனை உள்ளதைப் பொருத்துங்கள்: இரண்டு தடித்த முனை பேட்டரிக்கு, இரண்டு இக்னிஷனைத் துண்டிக்க, மீதி இரண்டு ஆல்டர்னேட்டரின் மின்சாரத்தை 3 ஓம் மின்தடை வழியாக எர்த்துக்கு இறக்க. நீல முக்கோணத்துக்குள் சிவப்பு மின்னல் வரைந்த ஒட்டியைப் பக்கத்தில் ஒட்டினால், ஓடி வருபவர்களுக்குச் சுவிட்சு எங்கே என்று தெரியும்.

எல்லாவற்றையும் பொருத்திய பின் நால்வரும் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். இன்ஜெக்ஷன் காரில் ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பினால், பம்பின் ஓசை சில விநாடிகளில் அடங்க வேண்டும். கார்புரேட்டர் காரில் ஓடும் இன்ஜினை நிறுத்தி, சாவியை மறுபடி திருப்பிக் கேளுங்கள்; அதிலும் பம்பின் ஓசை நீடிக்கக் கூடாது. பிறகு இன்ஜினை ஓடவிட்டு, திருகைக் கழற்றிக் கையில் எடுத்த இனெர்ஷியா சுவிட்சை உள்ளங்கையில் ஓங்கித் தட்டுங்கள். இன்ஜெக்ஷன் இன்ஜின் குழாயில் மிச்சமிருக்கும் அழுத்தம் தீர்ந்ததும் திணறி நிற்கும். கார்புரேட்டர் இன்ஜின் கிண்ணம் வற்றும் வரை ஓடும் என்பதால், அதில் பம்பின் ஓசை நின்றதா என்று மட்டும் கவனியுங்கள். பம்பு நின்றாலும், உடைந்த இடம் டாங்கியைவிடத் தாழ்வாக இருந்தால் பெட்ரோல் தானாக வடியும் என்பதால், மோதலுக்குப் பின் காருக்கு அடியில் குனிந்து பார்த்து, வாடை இல்லை என்று உறுதியான பிறகே அந்தப் பொத்தானை அழுத்துங்கள்.