ஃபார் எக்ஸாம்பிள் போட்டா ஏன் மார்க் குறையுது?

கேள்வி: சார், நான் காலேஜ் ரெண்டாம் வருஷம். இங்கிலீஷ்ல கட்டுரை எழுதுனா 'ஃபார் எக்ஸாம்பிள்' வர்ற இடத்துல எல்லாம் மேடம் சிவப்புல சுழிச்சு 'இன்கம்ப்ளீட்'னு எழுதிடுறாங்க. 'மெனி மெட்டல்ஸ் கண்டக்ட் எலெக்ட்ரிசிட்டி. ஃபார் எக்ஸாம்பிள், காப்பர் அண்ட் அலுமினியம்.' இதுல என்ன தப்பு?

பதில்: உதாரணம் சரிதாம்மா, அதுக்கு முன்னாடி வச்ச புல் ஸ்டாப்தான் தப்பு. புல் ஸ்டாப் வச்சுட்டா அடுத்து வர்றது தனி வாக்கியமா நிக்கணும், உங்க ரெண்டாவது வரில வெர்பே இல்ல, வெறும் ரெண்டு பேரு மட்டும் தொங்குது. அதனால 'ஃபார் எக்ஸாம்பிள்' எழுதுனதும் அடுத்து முழு வாக்கியம் வருதா இல்ல பேர் மட்டும் வருதான்னு பாருங்க, முக்கால்வாசி பிரச்சனை அங்கயே தீந்துடும். முழு வாக்கியம்னா 'ஃபார் எக்ஸாம்பிள், காப்பர் இஸ் யூஸ்டு இன் வயர்ஸ்'னு தாராளமா புதுசா ஆரம்பிக்கலாம், பின்னாடி ஒரு கமா கண்டிப்பா வேணும். முந்தின வாக்கியத்தோட ஒட்டியே எழுதணும்னா நடுவுல கமா பத்தாது, செமிகோலன் போடுங்க.

பேர் மட்டும்தான் சொல்லணும்னா 'சச் அஸ்' போதும். 'மெட்டல்ஸ் சச் அஸ் காப்பர் அண்ட் அலுமினியம் கண்டக்ட் எலெக்ட்ரிசிட்டி', அவ்ளோதான், அழகா ஒரே வாக்கியம். நாம தமிழ்ல பேரெல்லாம் சொல்லி முடிச்சுட்டு 'போன்ற' போடுவோம், அந்தப் பழக்கத்துல 'காப்பர், அலுமினியம் சச் அஸ் மெட்டல்ஸ்'னு நிறைய பேர் எழுதிடுறாங்க, இங்கிலீஷ்ல எந்த வகைங்கிறது முதல்ல, பேர் அப்புறம். 'சச் அஸ்'க்குப் பின்னாடி கமாவும் வேணாம், கோலனும் வேணாம். கடைசில 'எட்செட்ரா'வும் வேணாம், இது சாம்பிள்தான்னு 'சச் அஸ்'ஸே சொல்லிடுச்சே.

'சச் அஸ்'க்கு முன்னாடி கமா வைக்கலாமா வேணாமாங்கிறதுலதான் நிஜமான சூட்சுமம் இருக்கு. 'பிளானெட்ஸ் சச் அஸ் ஜூபிடர் அண்ட் சாட்டர்ன் ஹேவ் ரிங்ஸ்'னு கமா இல்லாம எழுதுனா அந்த மாதிரி கிரகங்களுக்கு வளையம் இருக்குன்னு அர்த்தம், அது உண்மை. அதையே 'பிளானெட்ஸ், சச் அஸ் ஜூபிடர் அண்ட் சாட்டர்ன், ஹேவ் ரிங்ஸ்'னு ரெண்டு பக்கமும் கமா போட்டா எல்லா கிரகத்துக்கும் வளையம் இருக்கு, இது ரெண்டும் சும்மா உதாரணம்னு ஆயிடும், நம்ம பூமிக்கு ஏது வளையம்? ரெண்டே கமா, சயின்ஸே மாறிடுச்சு பாத்தீங்களா, அதனாலதான் டீச்சருங்க இத இவ்ளோ கவனமா பாக்குறாங்க, அவங்க மேல கோவப்படாதீங்க.

கேள்வி: 'ஈ.ஜி.', 'ஐ.ஈ.' ரெண்டும் ஒண்ணுதானே?

பதில்: இல்லீங்க. ரெண்டுமே லத்தீன் சுருக்கம். முதல் ஆளு 'எக்ஸெம்ப்ளி கிராட்டியா', உதாரணத்துக்கு. ரெண்டாவது ஆளு 'இட் எஸ்ட்', அதாவது. 'ஈ.ஜி.' போட்டா லிஸ்ட்ல இன்னும் பாக்கி இருக்குன்னு அர்த்தம், 'ஐ.ஈ.' போட்டா நீங்க சொன்னதுதான் மொத்தமும். அக்ரிமென்ட், ரூல்ஸ் மாதிரி எழுதும்போது மாத்திப் போட்டா பெரிய வம்பு. அமெரிக்க வழக்கத்துல பின்னாடி கமா போடுவாங்க, பிரிட்டிஷ்ல பெரும்பாலும் போட மாட்டாங்க, எதுவானாலும் கட்டுரை முழுக்க ஒரே மாதிரி போடுங்க.

கேள்வி: ஒரே பக்கத்துல நாலு தடவ 'ஃபார் எக்ஸாம்பிள்' வந்துடுது, என்ன பண்ண?

பதில்: ஒண்ணு ரெண்ட 'ஃபார் இன்ஸ்டன்ஸ்'னு மாத்துங்க, அர்த்தமும் கமாவும் அதே. மிச்சத்த எடுத்துட்டுப் படிச்சுப் பாருங்க, உதாரணம் தெளிவா இருந்தா அறிவிப்பு இல்லாமலே புரியும்.