பாப்பாவின் நோட்டில் ஒரு சராசரி

அண்ணா, ஏற்காடு பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் உங்கள் பாப்பாவின் மேற்படிப்பைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு அன்றைக்குப் பதில் சொல்ல முடியவில்லை. "எந்த நாட்டு ஜனங்க நல்லா இருக்காங்கன்னு கணக்குப் போடறது ஒரு படிப்பாம்மா? இன்ஜினியரிங்கே கிடைக்கும்போது?"

படிப்புதான். நல்ல வேலையும் இருக்கிறது.

பாப்பாவின் நோட்டைப் பார்த்தீர்களா? உங்கள் வீட்டில் 25 வயது தாண்டியவர்கள் எத்தனை வருடம் பள்ளிக்கூடம் போனார்கள் என்று எழுதியிருக்கிறாள். அப்பத்தா 0, அத்தை 5, அம்மா 8, அப்பா 10, சித்தப்பா 12. சராசரி 7. பக்கத்தில், நாட்டின் சராசரியாக, 'இந்தியா 6.9'. அதற்குக் கீழே பென்சிலில், 'இதில் அப்பத்தா எங்கே?'

இதே கேள்வியில்தான் பெரிய பொருளாதார அறிஞர்களும் வந்து நின்றார்கள். ஒரு நாட்டை வருமானத்தை மட்டும் வைத்து அளந்தால் போதாது என்று, 1990-இல் மஹ்பூப் உல் ஹக் முன்னெடுக்க, அமர்த்தியா சென்னும் துணை நிற்க, ஐ.நா. வளர்ச்சித் திட்டம் மனித வளர்ச்சிக் குறியீட்டைக் கொண்டுவந்தது. ஆயுள், படிப்பு, வருமானம் மூன்றும் அதில் சேரும். முழு மதிப்பெண் 1. 2025 அறிக்கையில் இந்தியா 0.685 பெற்று 130-ஆவது இடத்தில் இருக்கிறது. வங்கதேசத்துக்கும் அதே 0.685தான்; அங்கே வருமானம் நம்மைவிடக் கொஞ்சம் குறைவு, ஆயுள் அதிகம்.

2010-இல் இரண்டு திருத்தம் வந்தது. முன்பு மூன்றையும் கூட்டி வகுத்தார்கள், ஒன்றில் 0.1 வாங்கினாலும் மற்றதில் 0.9, 0.8 இருந்தால் 0.6 வந்துவிடும். இப்போது பெருக்கிக் கனமூலம் எடுப்பதால் அது 0.42 ஆகிவிடுகிறது. கூடவே, ஏற்றத்தாழ்வைக் கழித்துக் காட்டும் தனிக் குறியீடும் வந்தது. அப்படிக் கழித்தால் நம் மதிப்பெண்ணில் 30 விழுக்காட்டுக்கு மேல் போய்விடுகிறது. அப்பத்தாவின் 0 அங்கேதான் வெளியே தெரிகிறது.

இனி, வேலை வாய்ப்பைப் பற்றிச் சொல்கிறேன். அவளுக்குக் கணக்கு நன்றாக வருகிறது, அதனால் பி.எஸ்சி. புள்ளியியல் என் முதல் தேர்வு. அந்தப் பட்டத்தோடு, 21 வயதிலிருந்து யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வு எழுதலாம். இந்தியப் பொருளாதாரப் பணிக்குப் பொருளாதாரத்தில் முதுகலை வேண்டும். மத்திய அரசு வேலைகளுக்கான எஸ்.எஸ்.சி. பட்டதாரித் தேர்வில் இளநிலைப் புள்ளியியல் அலுவலர் வேலையும் உண்டு. தேர்வுகள் கடினம்தான், மறைக்கமாட்டேன். ஆனால் சொல்லிக்கொடுக்காமலே இப்படிக் கேட்கிற பிள்ளையை நான் அடிக்கடி பார்ப்பதில்லை.

இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்கும் பதிந்து வையுங்கள், தப்பில்லை. அடுத்த முறை மலையிறங்கும்போது அந்த நோட்டையும் கொண்டுவரச் சொல்லுங்கள். அப்பத்தா ஏன் பள்ளிக்கூடம் போகவில்லை என்று அவரையே கேட்டு, அதையும் எழுதி வரட்டும்.